பகிடி விடுகிறவர்களுக்கு யோசனை வருவது ஏன்?

கொழும்பில் சின்னப் பலசரக்குக் கடைகளில் காசு மேசைக்கு மேலே இப்படி ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்: "இன்று ரொக்கம், நாளை கடன்." சிங்களத்திலும் இதே வாசகம் உண்டு. முதல்முறை வாசிக்கும் பிள்ளை, "அப்ப நாளைக்கு வந்தா கடன் தருவினமா?" என்று அம்மாவிடம் கேட்கும். நாளைக்குப் போனாலும் அட்டை அதையேதான் சொல்லும்.

கடைக்காரரின் சிக்கலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தால் முதல் போய்விடும். "கடன் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார். இரண்டும் நடக்கக் கூடாது. நாளை என்பது ஒருபோதும் வந்து சேராது என்பதை யாரோ ஒருவர் எப்போதோ கவனித்திருக்கிறார். மறுப்பை வாக்குறுதி போல எழுதி மாட்டிவிட்டார். கடன் கேட்க வந்தவரும் சிரித்துக்கொண்டே காசை எடுக்கிறார். பகிடிதான். ஆனால் ஒரு வியாபாரச் சிக்கலுக்குக் கிடைத்த புதுத் தீர்வும் அதற்குள்ளேயே இருக்கிறது.

புது யோசனை எப்படி வருகிறது, வந்ததை எப்படிக் காப்பாற்றுவது, பகிடிக்கும் பழமொழிக்கும் இதில் என்ன வேலை என்பதை இதைப் பற்றி முன்பு வாசித்திராதவர்களுக்காக எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பழமொழி ஒரு யோசனையை வளர்க்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். எந்த நேரத்தில் எடுக்கிறோம், எதன்மேல் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

சிரிப்பும் கண்டுபிடிப்பும் ஒரே தாவல்

ஆர்தர் கோஸ்லர் என்ற எழுத்தாளர், புடாபெஸ்டில் பிறந்தவர், 1964இல் படைப்பாற்றலைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதினார். அதன் மையக் கருத்து எளிமையானது. நாம் வழக்கமாக யோசிப்பது ஒரு தளத்துக்குள்ளேயே நடக்கிறது. சமையல் என்றால் சமையல், கணக்கு என்றால் கணக்கு. ஒரு பகிடியில் கதை ஒரு தளத்தில் போய்க்கொண்டிருக்கும். கடைசி வரியில் சட்டென்று இன்னொரு தளத்துக்குத் தாவும். இரண்டும் ஒரு கணம் ஒன்றாகத் தெரியும்போது சிரிப்பு வருகிறது. விஞ்ஞானக் கண்டுபிடிப்பிலும் நடப்பது இதே தாவல்தான் என்றார் கோஸ்லர். பகிடியில் 'ஹாஹா' வரும், கண்டுபிடிப்பில் 'ஆஹா' வரும். மனம் பாய்கிற விதம் ஒன்றே.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இலங்கையில் பள்ளிக்கூடம் போன அனேகருக்கு அந்தரே கதைகள் தெரியும். கண்டி அரசவையில் இருந்ததாகச் சொல்லப்படும் விகடகவி. ஒரு நாள் அரண்மனை முற்றத்தில் பாய் விரித்துச் சீனி காயவைத்திருந்தார்கள். "இது என்ன?" என்று அந்தரே கேட்க, இவன் கையை வைத்துவிடுவான் என்று பயந்த அரசர், "மணல்" என்றார். அந்தரே பேசாமல் வீட்டுக்குப் போய், மகனுக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகன் அழுதுகொண்டு ஓடி வந்தான்: "அப்பா, அம்மா செத்துப்போனா!" அந்தரே பாயில் விழுந்து புரண்டார். "அவள் போன பிறகு நமக்கு என்ன இருக்கு? என் வாயிலும் மண், உன் வாயிலும் மண்!" என்று கதறியபடி தானும் தின்றார், மகனுக்கும் ஊட்டினார். அரசரால் தடுக்க முடியவில்லை. மணல் என்று சொன்னவர் அவர்தானே.

இதைச் சும்மா குறும்புக் கதையாக விட்டுவிடக் கூடாது. அந்தரே என்ன செய்யவில்லை என்று பாருங்கள். "இது மணல் இல்லை, சீனி" என்று அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் தோற்றிருப்பார், எதிரே நிற்பது அரசர். அரசர் போட்ட வேலியை அப்படியே ஏற்றுக்கொண்டார். சரி, மணல்தான். மணல் எப்போது ஒருவர் வாய்க்குள் போகும்? துக்கத்தில் போகும். துக்கம் எப்போது வரும்? வீட்டில் சாவு விழுந்தால் வரும். சீனியிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து சாவு வீட்டுக்கு ஒரு வழி போட்டுவிட்டார். மாற்ற முடியாத ஒரு நிபந்தனையை எதிர்த்து மோதாமல், "இது எதற்கெல்லாம் இடம் தருகிறது?" என்று கேட்பது யோசனை வளர்ப்பில் மிக மிகப் பயனுள்ள ஒரு பழக்கம். கடை வாடகை குறையாது, ஆள் பலம் கூடாது, மழை நிற்காது. சரி, அப்படியே இருக்கட்டும். அப்புறம் என்ன செய்யலாம்?

சிரிப்புக்கும் இந்தத் தாவலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கார்ல் டுங்கர் என்ற ஜேர்மன் உளவியலாளரின் புதிர் ஒன்று 1945இல் ஆங்கிலத்தில் வெளியானது. ஒரு மெழுகுதிரி, நெருப்புக்குச்சி, ஒரு பெட்டி நிறையத் தாள் குத்தும் ஊசிகள் (drawing pins). மெழுகு நிலத்தில் சிந்தாதபடி மெழுகுதிரியைச் சுவரில் பொருத்த வேண்டும். பலர் மெழுகுதிரியையே ஊசியால் குத்தப் பார்ப்பார்கள். விடை: ஊசிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் குத்தித் தட்டாக்கி, அதன்மேல் மெழுகுதிரியை நிறுத்துவது. பெட்டி ஊசி வைக்கத்தான் என்று மனம் பிடிவாதமாக நிற்பதால் இது லேசில் தெரிவதில்லை. ஊசிகளையும் பெட்டியையும் தனித்தனியே வைத்துக் கொடுத்தால் அதே புதிர் சுலபமாகிவிடுகிறது. 1987இல் அலிஸ் ஐசனும் சக ஆய்வாளர்களும் சிலருக்கு முதலில் சில நிமிடங்கள் நகைச்சுவைப் படம் காட்டிவிட்டு இந்தப் புதிரைக் கொடுத்தார்கள். சிரித்துவிட்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் தீர்த்தார்கள்; மற்றவர்களில் கொஞ்சப் பேரால்தான் முடிந்தது.

சிரித்தால் அறிவு பெருகும் என்று இதை வாசித்துவிட வேண்டாம். ஒரு பொருளை வேறு கண்ணால் பார்க்க வேண்டிய புதிர்களுக்கு மனம் இலேசாக இருப்பது உதவுகிறது, அவ்வளவுதான். வருமான வரிப் படிவம் நிரப்பும்போது பகிடி விட்டால் பிழைதான் வரும்.

அதே நாக்கு கொல்லுகிற விதம்

இப்போது மறுபக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். தாதியாக வேலை செய்யும் ஓர் இளம்பெண் மெல்லத் தொடங்குகிறாள்.

"மாமா, ஆஸ்பத்திரி வேலையை விட்டிட்டு சொந்தமா ஒண்டு தொடங்கலாம் எண்டு யோசிக்கிறன்."

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாத ஆள் வானம் ஏறி வைகுந்தம் காட்டப் போகுதாம். சாப்பிடு பிள்ளை, கறி ஆறப்போகுது."

எல்லாரும் சிரிக்கிறார்கள், அவளும்தான். கதை முடிந்தது.

மாமா கெட்டவர் இல்லை. பழமொழியும் அருமையான பழமொழி. கூரை, கோழி, வானம், வைகுந்தம் என்று ஒரே வரியில் ஏணி வைத்து ஏற்றிவிட்டு உதைத்துத் தள்ளுகிறது. ஆனால் அது அவளுடைய யோசனையைத் தொடவே இல்லை. அவள் என்ன தொடங்கப் போகிறாள், யாருக்கு அது தேவை, எவ்வளவு செலவு என்று எதுவும் வெளியே வரவில்லை. அளக்கப்பட்டது ஆள், யோசனை இல்லை. பழமொழிக்குக் கணக்குக் காட்டிப் பதில் சொல்லவும் முடியாது. பதிலுக்கு இன்னொரு பழமொழி சொல்லலாம். சொன்னால் "வாய் கூடிப்போச்சு" என்பார்கள்.

யோசனை பிறந்த அன்று அதற்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது. அதனால் அது முட்டாள்தனமானது என்று ஆகிவிடாது. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்களே, புது யோசனைகளைப் பொறுத்தவரை இதைப் போலத் தப்பான வழிகாட்டி வேறில்லை என்பேன். அமெரிக்காவில் 3எம் என்ற கொம்பனியில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் 1968இல் பலமான ஒரு பசை செய்யப் பார்த்தார். கிடைத்தது பலவீனமான பசை. ஒட்டும், இழுத்தால் அடையாளம் இல்லாமல் கழன்றுவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். ஆனால் அவர் அந்தக் குரங்கைத் தூக்கி எறியவில்லை. இதற்கு ஏதாவது பயன் இருக்குமா என்று கொம்பனிக்குள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே திரிந்தார். 1974இல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் துண்டுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன என்று சலித்துப்போய், சில்வரின் பசையை நினைத்துக்கொண்டார். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் இன்று புறக்கோட்டைக் கடைகளிலும் கிடைக்கிறது, கோட்டையில் உள்ள கந்தோர்களின் கணினித் திரைகளிலும் ஒட்டியிருக்கிறது. முளையைப் பார்த்து யாரும் இந்தப் பயிரைச் சொல்லியிருக்க முடியாது.

கொழும்பு ஏழில் இருந்த பகிடிக்காரர்

புது யோசனைகளைப் பெரியவர்கள் எப்படிக் கொல்லுகிறார்கள் என்பதைக் கூர்மையாகச் சொன்ன ஒருவர் நமது ஊரிலேயே அரை நூற்றாண்டு வாழ்ந்தார். ஆர்தர் சி. கிளார்க், விஞ்ஞானக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமாகும்வரை இங்கேயே இருந்தார். பார்ன்ஸ் பிளேஸில் வீடு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

1962இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் வாசகத்தை இப்போது 'கிளார்க்கின் முதல் விதி' என்கிறார்கள். அதன் சாரம்: பேர்பெற்ற ஒரு மூத்த விஞ்ஞானி ஒரு காரியம் முடியும் என்றால், அநேகமாக அது சரியாகவே இருக்கும், முடியாது என்றால், பெரும்பாலும் அது பிழையாக இருக்கும். வாசித்ததும் உதட்டில் சிரிப்பு வரும், ஏனென்றால் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு மூத்தவரின் முகம் தோன்றும். ஆனால் உள்ளே கனமான விஷயம் இருக்கிறது. அனுபவம் என்பது நடந்தவற்றைப் பற்றிய அறிவு. முடிந்ததை அது சரியாகச் சொல்லும். முடியாது என்று சொல்ல வேண்டுமானால் இனி வரப்போகிற எல்லாமே தெரிந்திருக்க வேண்டும்.

கிளார்க்கின் சொந்த யோசனை ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். 1945இல் ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் அவர் எழுதினார்: பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும், கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், இப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம். அப்போது வானத்தில் ஒரு செய்மதிகூட இல்லை. முதல் செய்மதியான ஸ்புட்னிக் போனது 1957இல்தான்.

சுவையான பகுதி இனித்தான். அந்தச் செய்மதி நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருப்பார்கள் என்று கிளார்க் நினைத்தார். அந்தக் காலத்து வானொலிக் கருவிகளில் பல்ப் போன்ற வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை பழுதாகும், ஆள் இருந்து மாற்ற வேண்டும். ஒரு கொட்டாஞ்சேனை மாமா அன்று அதை வாசித்திருந்தால், "உச்சியில ஏறி பல்ப் மாத்த ஆர் போறது?" என்று கேட்டிருப்பார். அந்தப் பகிடி நூற்றுக்கு நூறு நியாயமானது. அந்த விபரம் பிழைதான். அந்தக் குழாய்களின் வேலையைச் செய்யும் சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் வந்து ஆளின் தேவையையே இல்லாமல் செய்துவிட்டது. 1964இல் முதல் நிலையான சுற்றுப்பாதைச் செய்மதி ஆள் இல்லாமலே போய் நின்றது. இன்று வெள்ளவத்தை மொட்டைமாடிகளில் டிஷ் அன்டெனாக்கள் அசையாமல் வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த யோசனையால்தான். ஒரு விபரத்தில் ஓட்டை இருக்கிறது என்பதும் யோசனையே ஓட்டை என்பதும் வேறு வேறு. பகிடி விபரத்தைத் தாக்கட்டும், அது நல்லது. சிரித்த வேகத்தில் யோசனையையும் சேர்த்துக் குப்பையில் போடுவதுதான் பிழை.

கிளார்க் அந்த யோசனைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பிற்பாடு அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, ஓய்வு நேரத்தில் நூறு கோடி டொலரைத் தொலைத்தது எப்படி என்ற பொருளில் தலைப்பு வைத்தார். மனிதர் தன்னைத்தானே கிண்டல் செய்யத் தெரிந்தவர்.

அவருடைய விதியையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இன்னொரு விஞ்ஞானக் கதை எழுத்தாளரான ஐசாக் அசிமோவ் 1977இல் அதற்கு ஒரு வால் ஒட்டினார்: மூத்த விஞ்ஞானிகள் மறுக்கும் ஒரு கருத்தைச் சுற்றிப் பொதுமக்கள் ஆவேசமாகத் திரண்டு நின்றால், அந்த இடத்தில் மூத்தவர்கள் சொல்வதுதான் அநேகமாகச் சரி. வட்ஸ்அப்பில் சுற்றுகிற அதிசய மருந்துகளை நினைத்துப் பாருங்கள், அசிமோவின் வால் எவ்வளவு தேவை என்று விளங்கும்.

கூடிப் பேசுவதற்கு முன்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற விளம்பரத்துறைக்காரர் 1953இல் எழுதிய நூல் மூலம் குழுவாகக் கூடி யோசனைகளைக் கொட்டும் முறை உலகமெங்கும் பரவியது. விமர்சனத்தை ஒத்திவை, எண்ணிக்கை கூடட்டும், விசித்திரமானதையும் சொல், மற்றவர் சொன்னதன்மேல் கட்டு என்பவை அதன் விதிகள். விதிகள் நல்லவை. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நால்வர் சேர்ந்திருந்து சொன்னதைவிட, நால்வர் தனித்தனியே இருந்து எழுதியதைத் தொகுத்தால் கூடுதலான யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாய் மூடிக் காத்திருப்பது முக்கிய காரணம் என்று 1987இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. காத்திருக்கும்போது சொல்ல வந்தது மறந்துபோகும்.

எங்கள் கந்தோர்களில் இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆகவே முதலில் ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பத்து நிமிடம் பேசாமல் எழுதவிடுங்கள், அப்புறம் வாசியுங்கள். மேசையைவிட்டு எழுந்து போவதும் நல்லது. பிரெஞ்சுக் கணிதமேதை ஆன்றி புவான்கரே நாட்கணக்காக மல்லாடிய ஒரு கணக்குக்கு வழி, பஸ்ஸில் ஏறக் காலை வைத்த கணத்தில் தெரிந்ததாம். அவர் அங்கேயே கூத்தாடவில்லை. பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தார், வீட்டுக்குப் போய்த்தான் சரிபார்த்தார். காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு நிற்பவருக்கும் இந்த வாய்ப்பு உண்டு, முன்பே கணக்கோடு மல்லாடியிருந்தால்.

பழமொழியைத் தட்டிப் பார்ப்பது

தொல்காப்பியர் பழமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது நான்கு குணங்களைக் கேட்கிறார்: நுண்மை, சுருக்கம், ஒளி, எளிமை. அதோடு நிறுத்தவில்லை. எடுத்துக்கொண்ட பொருளை நிறைவு செய்ய, ஒரு காரணத்தை ஏந்திக்கொண்டு வருவது முதுமொழி என்கிறார். அதாவது, ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சுக்குத் துணையாக வருகிற கருவி அது. பேச்சே இல்லாமல் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டினால் பாதி உயிர் போய்விடும்.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் இதுதான் காரணம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன. இத்தனை சேர்ந்தால் எந்தக் கட்சிக்கும் சாட்சி கிடைக்கும். "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்றும் சொல்வோம், "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்றும் சொல்வோம். இரண்டையும் சொல்வது ஒரே அம்மம்மாதான், வேறு வேறு பேரப்பிள்ளைக்கு.

இன்னோர் ஆபத்து ஓசையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே கருத்தை எதுகை வரும்படியும் எதுகை இல்லாமலும் எழுதிக் காட்டினார்கள். எதுகையோடு வந்ததைத்தான் மக்கள் அதிகம் உண்மை என்று நம்பினார்கள். ஓசையையும் கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த மயக்கம் குறைந்தது. மோனையும் எதுகையும் தாலாட்டிலேயே காதில் ஏறிய நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆகவே பழமொழியை எடுத்தால் முதலில் நகையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். "பதறாத காரியம் சிதறாது." காதுக்கு எவ்வளவு இனிமை! இப்போது வெறும் பேச்சில் சொல்லுங்கள்: அவசரப்படாமல் செய்கிற வேலை கெட்டுப்போகாது. உடனே மனம் கேட்கும், எப்போதுமா? அடுத்து, அதற்கு எதிர்ப் பழமொழியைத் தேடுங்கள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேலை தொடங்குகிறது. எந்த இடத்தில் முதலாவது சரி, எந்த இடத்தில் இரண்டாவது சரி? காலிமுகத்திடலில் இறால் வடை விற்பவர் புதுச் சம்பல் ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கிறார். பிழைத்தால் ஒரு நாள் சம்பல் போகும். நாளைக்கே பழையதற்குத் திரும்பலாம். அவருக்கு இரண்டாவது. அதே ஆள் ஒரு வருட முற்பணம் கொடுத்து பம்பலப்பிட்டியில் கடை எடுக்க நினைக்கிறார். பிழைத்தால் முதலே போய்விடும். அவருக்கு முதலாவது. திரும்பி வர முடிகிற காரியத்தில் விரைவு, திரும்பி வர முடியாததில் நிதானம். இந்த வரி இரண்டு பழமொழியிலும் இல்லை. இரண்டும் மோதியபோது வந்தது.

சில பழமொழிகளை இப்படிச் சோதிக்கவே தேவையில்லை, அவையே சோதனைக் கருவிகள். "காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை" அப்படியானது. ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும் நாளில் ஒருவர் புதுச் சுவையில் சர்பத் விற்கத் தொடங்கி, எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றால், பனம்பழத்தை விழுத்தியது சர்பத்தா, சனமா? அடுத்த புதன்கிழமை அதே இடத்தில் விற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஒரு முழு விஞ்ஞான வகுப்பு அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" இன்னொன்று. கொப்பி கொப்பியாக யோசனை எழுதி ஒன்றையும் தொடங்காதவர்களுக்கு.

மாமாவின் மருமகள் என்ன செய்யலாம்

கொட்டாஞ்சேனைப் பெண்ணிடம் திரும்புவோம். அவள் யோசனை இது. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் வயதானவர்கள் பலர் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் கூட்டிப் போக ஆள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்களில் சிலருக்குச் சிங்களமும் கஷ்டம். இவள் கூடப் போவாள், மருத்துவர் சொன்னதை விளங்கப்படுத்துவாள், மருந்து வாங்கிக் கொடுப்பாள், பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவாள். அதற்குக் கட்டணம்.

முதல் சில நாட்கள் யாரிடமும் சொல்லாமல் கொப்பியில் எழுதுவது நல்லது. அப்புறம் பழமொழிகளை ஒவ்வொன்றாக யோசனைமேல் போட்டுப் பார்க்கலாம், தீர்ப்பாக இல்லை, கேள்வியாக.

"எலி வளையானாலும் தனி வளை." வயதானவர்கள் ஏன் பிள்ளைகளோடு போகாமல் இங்கே இருக்கிறார்கள்? பலருக்குத் தன் வீடு, தன் கதவு, தன் திறப்பு என்பது பெரிது. 'பராமரிக்க ஆள்' என்று போய் நின்றால் கதவு திறக்காது. 'கூட வருகிற பிள்ளை' என்று போக வேண்டும். விளம்பரத்தின் சொல்லே மாறுகிறது.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது." இது இன்னும் ஆழத்துக்குப் போகிறது. அப்பாவுக்கு வந்திருக்கும் வருத்தத்தை ரொறன்ரோ மகனுக்குச் சொல்ல அப்பாவுக்கு விருப்பமா? கட்டணம் கட்டுகிறவர் மகன், நோயாளி அப்பா. யாருக்கு எதைச் சொல்வது என்று முதல் நாளே எழுதி ஒப்புக்கொள்ளாவிட்டால், அதே மாடியில் இருக்கும் நாலு வீட்டிலும் பெயர் கெடும்.

"பூனைக்கு மணி கட்டுவது யார்?" காலை பத்து மணிக்கு மருத்துவர், "உடனே அனுமதிக்க வேணும், சம்மதமா?" என்று கேட்கிறார். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம். முடிவெடுப்பது யார்? கொழும்பிலேயே ஓர் உறவினரின் தொலைபேசி எண் இல்லாமல் எந்த வீட்டையும் ஏற்றுக்கொள்வதில்லை என்று ஒரு விதி பிறக்கிறது.

"அகல உழுவதிலும் ஆழ உழு." வெள்ளவத்தை முழுவதற்கும் வேண்டாம். ஒரு கட்டடம், இரண்டு வீடு. வேலையை விடாமல், விடுமுறை நாட்களில். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்.

இந்த நான்கும் எழுதியான பிறகு மாமாவிடம் போகலாம். அவர் மறுபடியும் ஒரு பழமொழியை எடுத்து வீசுவார். சிரித்துவிட்டு, "சரி மாமா, எந்த இடத்தில சறுக்கும் எண்டு சொல்லுங்கோ" என்று கொப்பியைத் திறந்து வைத்தால் போதும். பகிடி விடுகிற மூளை ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார மூளை. இப்போது அதற்குக் கடிக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஐயாவுக்கு நெஞ்சு நொந்தா, உன்னைத்தானே கூப்பிடுவார். நீ கொட்டாஞ்சேனையில நித்திரை. அப்ப?"

கொப்பியில் இல்லாத கேள்வி அது. இரவு அழைப்புக்கு வெள்ளவத்தையிலேயே வசிக்கும் இன்னொரு தாதி வேண்டும், இல்லாவிட்டால் இரவு நேரம் சேவையில் சேராது என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் மாதக் கட்டணத்தை அவள் மறுபடியும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.